முதல் நாளையும் சேர்த்து

இவளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதே எழுத்தருக்கு அந்த நினைப்புதான் வந்தது. எதிரே வந்து உட்கார்ந்திருந்தவள் பேக்கிங் பிரிவில் வேலை செய்பவள். வேறு யாரும் அந்த மேசைக்கு வரமாட்டார்கள். எழுத்தரைக் கண்டாலே பேச்சு அடங்கிவிடும். எழுத்தரம்மாவின் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘கடைசித் தேதி’.

காரணம் இல்லாமல் இல்லை. விடுமுறையும் சேர்த்துத் தொடர்ந்து நூற்றெண்பது நாள் பணியில் இருந்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது விதி. அதனால் நூற்றெழுபத்தொன்பதாம் நாள் ஆளை நிறுத்திவிட்டு, பத்து நாள் கழித்துப் புதிய ஆளாக எடுத்துக்கொள்வது அந்தத் தொழிற்சாலையின் வழக்கம். நாட்களை எண்ணி, நிறுத்தும் கடிதம் எழுதுவது எழுத்தரின் வேலை. பதினோரு வருடமாக எந்த முகத்தைப் பார்த்தாலும் அதன் மேல் ஒரு தேதிதான் தெரிந்தது. யாரோடும் ஒட்டவில்லை. வீட்டிலும் பூட்டைத் திறந்தால் காலையில் கவிழ்த்த தம்ளர் அப்படியே இருக்கும்.

பேக்கிங்காரிக்கு இது நான்காவது முறை. “எப்படியும் உங்க கையாலதான் கடிதாசி வாங்கப்போறேன். அதுக்குள்ள நாலு வார்த்தை பேசிக்கலாமேக்கா,” என்று சிரித்தாள்.

ஆகஸ்ட் இருபத்தொன்பது மாலை, வேலை முடிந்ததும் எழுத்தர் அவளிடம் கடிதம் கொடுத்தாள். மார்ச் மூன்று முதல் ஆகஸ்ட் இருபத்தொன்பது வரை நூற்றெழுபத்தொன்பது நாள் என்று அதில் இருந்தது. பேக்கிங்காரி ஜன்னலோரம் நின்று விரல்விட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

“அக்கா, நான் சேர்ந்த அன்னைக்கு கணக்குல இல்லையா? அன்னைக்குத்தான் கால் ரொம்ப வலிச்சுது.”

எழுத்தர் சுவர்க் காலண்டரை எடுத்து, மார்ச் மூன்றில் விரலை வைத்து ஒவ்வொரு நாளாக நகர்ந்தாள். நூற்றெண்பது. வழக்கமாக இப்படித்தான் எண்ணுவாள். இந்த முறை மட்டும் புதிதாக வந்த கணினியை நம்பிவிட்டாள். அது ஒரு தேதியிலிருந்து மற்றதைக் கழித்துச் சொல்லியிருந்தது. கழித்ததில் முதல் நாள் உதிர்ந்துபோயிருந்தது.

மறுநாள் காலை அவளே போய் மேலாளரிடம் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. பதிவேட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார்.

“சேர்ந்த தேதியை மார்ச் நாலுன்னு மாத்திடுங்கம்மா. ஒரு நாள்தானே, யாருக்குத் தெரியப்போகுது?”

பேனா கையில்தான் இருந்தது. இதற்கு முன் தான் எழுதிய அத்தனை கடிதங்களும் நினைவுக்கு வந்தன. அவற்றில் எதிலும் எண்ணிக்கை பிசகியதில்லை. ஒன்றாவது நியாயமாக இருந்ததா என்று அவள் யோசித்ததே இல்லை. அவள் பேனாவை மூடினாள்.

“இல்ல சார். அன்னைக்கு அவ காலையிலேருந்து நின்னுருக்கா. ஒருத்தர் உழைச்ச நாளை இல்லைன்னு எழுதறது திருட்டு சார். இத்தனை வருஷமா நானும் அதுக்குத் துணை போயிருக்கேன்.”

“அப்ப உங்க கடைசித் தேதியை நான் எழுதவேண்டி வரும்,” என்றார் அவர்.

அவள் பதிவேட்டை மூடி அவர் பக்கமே நகர்த்தினாள்.

“எழுதுங்க சார். எண்ணும்போது நான் சேர்ந்த நாளை விட்டுடாதீங்க.”