அழிந்துவிட்டதாகச் சொன்ன திரை

வகுப்பில் தன்னைத் தவிர இருபத்தெட்டுப் பேரும் மண்டூகங்கள் என்று ராக்கெட் எப்போதோ முடிவு கட்டிவிட்டாள். கணக்கு வாத்தியாரையும் சேர்த்தால் இருபத்தொன்பது. வரைபடம் போடும் கால்குலேட்டரை ஆளுக்கொன்று வாங்க வைத்திருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு அதில் ஏழையும் எட்டையும் பெருக்கத்தான் தெரிந்தது. வாத்தியாரோ அதைச் சூடான பாத்திரத்தைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்குவார்.

அவள் மட்டும் எட்டு மாதம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் வைத்துத் தட்டித் தட்டி, அந்த எந்திரத்துக்குள் ஒரு விளையாட்டைக் கட்டியிருந்தாள். சைன் கோடுகளால் ஆன மலை, இடுக்கில் ஒரு துண்டு சமதளம், எரிபொருள் தீர்வதற்குள் அங்கே இறங்கவேண்டிய ஒரு ராக்கெட். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

பக்கத்தில் உட்காரும் அத்தை மகள் அதில் ஒரு பிரதி கேட்டாள். இரண்டு கால்குலேட்டரையும் ஒரு வயரால் இணைத்தால் இரண்டு நிமிட வேலை. "பெருக்கல் போடுறவளுக்கு எதுக்கு ராக்கெட்?" என்று இவள் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள். வேறு யார் கேட்டும் கொடுக்கவில்லை. கொடுத்தால் தன் பெயரை எடுத்துவிட்டு அவரவர் பெயரைப் போட்டுக்கொள்வார்கள் என்பது அவள் கணிப்பு.

பரீட்சைக்கு முன்னால் எல்லாக் கால்குலேட்டரிலும் இருப்பதை அழிக்கவேண்டும் என்று அறிவிப்பு வந்தது. ராக்கெட் அசரவில்லை. 'நினைவகம் அழிக்கப்பட்டது' என்று அசல் போலவே காட்டும் ஒரு பொய்த்திரையை ஒரே மாலையில் எழுதிவிட்டாள். சூத்திரங்களை ஒளித்து வைத்திருந்தவர்கள் மோப்பம் பிடித்து வந்து நின்றார்கள். பொய்த்திரையை மட்டும் பிச்சை போடுவதுபோல் எல்லோருக்கும் ஏற்றிக் கொடுத்தாள். அத்தை மகள் மட்டும் பயந்துகொண்டு வேண்டாம் என்றாள். கோழை என்று இவள் மனதில் குறித்துக்கொண்டாள்.

பரீட்சை அறையில் வாத்தியார் வரிசையாக வந்தார். திரைகளைப் பார்த்தார், தலையாட்டினார். ராக்கெட்டுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிறகு அவர் முன்னால் போய் நின்று, எல்லோரையும் சைன் முப்பது போடச் சொன்னார்.

அரை என்று வந்தது. கிட்டத்தட்ட எல்லோருக்கும் அரை.

"நெசமா அழிச்சிருந்தா, நாம வகுப்புல வெச்சிருக்கிற டிகிரி போய்க் கோணம் ரேடியனுக்குத் திரும்பியிருக்கும். மைனஸ்ல விடை வந்திருக்கணும்," என்றார் வாத்தியார், கொட்டாவி விட்டபடி. "வருஷா வருஷம் ஒரு அறிவாளி இதை எழுதறான். வருஷா வருஷம் இதையே மறந்துடறான்."

ராக்கெட்டின் முகத்தில் ஈயாடவில்லை. அவளுடைய மலை டிகிரியில்தான் சரியாக வரையும். முதல் நாள் மாற்றி வைத்த கோணம் எட்டு மாதமாக அப்படியே கிடந்தது. திரையைப் பொய்யாக்கியவளுக்கு அதற்குப் பின்னால் இருந்தது கண்ணில் படவில்லை.

அவர் ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே அழித்துக்கொண்டு வந்தார். மைனஸ் வந்தது நிஜமாகவே அழித்திருந்த அத்தை மகளுக்கு மட்டும்தான். அவளுடையதைத் தொடாமல் தாண்டினார். ராக்கெட் தன்னுடையதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சார், இதுல சூத்திரம் ஒண்ணும் இல்ல சார். ஒரு விளையாட்டுதான். எட்டு மாசம் எழுதினது."

"விளையாட்டுதானே," என்றார் அவர், விரலைப் பிரித்து வாங்கியபடி. சூடான பாத்திரம்போல் அல்ல, தினமும் புழங்குகிறவர்போல், பார்க்காமலே நான்கு பட்டன்களை அழுத்தினார். இப்போது திரை உண்மையைச் சொன்னது.

வினாத்தாள் வந்தது. ராக்கெட்டுக்கு எழுத்து ஒன்றும் தெரியவில்லை, கண் நிறைந்திருந்தது. அத்தை மகள் தன் தாளைப் பார்த்தபடியே முணுமுணுத்தாள்.

"அன்னிக்கு எனக்குக் கொடுத்திருந்தா, வீட்டுல தம்பியோட கால்குலேட்டர்ல ஏத்தி வெச்சிருப்பேன். அவனுக்குத்தான் கேட்டேன்."

சொல்லிவிட்டு அவள் முதல் கணக்குக்குப் போனாள். ஏழையும் எட்டையும் பெருக்கினாள்.