புகை பார்க்கிறவன்

"சார், பொக! தோ, அங்க பொக வருது சார்!"

சவுக்குத் தோப்பின் ஓரத்தில் கட்டியிருந்த மூங்கில் பரணிலிருந்து சேவியர்ராஜ் கத்தினான். கீழே டீ ஊற்றிக்கொண்டிருந்த வெங்கடேசன் டம்ளரைப் போட்டுவிட்டு ஏணியில் ஏறி வந்தான். கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம் அது. எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறந்த வாரம். படகு ஒன்றுகூட இல்லாத தண்ணீரின் மேல் வெள்ளையாக ஏதோ எழும்பி நின்றது. வெங்கடேசனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கடல்ல எங்கண்ணே நெருப்பு? அது திமிங்கலம் வுடுற மூச்சு. சித்த நேரம் பாருங்க, கலைஞ்சிடும். கலையாம நின்னாதான் பொக."

கலைந்துவிட்டது. அதன் கீழே கறுப்பாக ஒரு முதுகு எழுந்து, அவசரமே இல்லாமல் புரண்டு, உள்ளே போனது. சேவியர்ராஜுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதை மனைவி தெரசாவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

அவன் புகை என்று கத்தியதில் தப்பில்லை. கரியாலூர் காட்டில் அவன் தீக்காவலன். உச்சிப் பாறையில் உட்கார்ந்து புகை தேடுவதுதான் வேலை. கண்டால் கத்த வேண்டும், கத்திவிட்டு அதை நோக்கி ஓட வேண்டும். சருகு எரிகிறதா, கரிமூட்டமா, யார் வீட்டிலாவது உலை கொதிக்கிறதா என்று மூன்று மலைக்கு அப்பாலிருந்தே சொல்லிவிடுவான். மழைக்காலத்தில் காடு எரியாது. அந்த நேரம் பார்த்து, கடலோரமாகப் போகும் திமிங்கலங்களைப் பார்த்துச் சொல்ல நல்ல கண்ணுள்ள ஆள் வேண்டும் என்று ஒரு கல்லூரியிலிருந்து கேட்டார்கள். ரேஞ்சர் இவனை அனுப்பிவிட்டார். வெங்கடேசன் அந்தக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பையன்.

தெரசாவுக்குப் பிடிக்கவே இல்லை. "மலைல இருந்தாக்கா சனிக்கெழமயாவது வூட்டுக்கு வர. கடலுக்குப் பூட்டா நான் யாருகிட்ட பேசிக்கினு கெடக்கறது?"

"திமிங்கலத்தப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"இன்னாத்த சொல்லுவ நீ? பக்கத்துல குந்திக்கினு இருந்தாலே நாலு வார்த்த பேசமாட்ட!"

அது உண்மைதான். கல்யாணமான நாளிலிருந்து, அவளிடம் சொல்வதற்கென்று ஒரு சங்கதி அவனிடம் சேர்ந்தது இப்போதுதான்.

திமிங்கலத்தைப் பார்த்த அதே வாரம் இடஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள், பஸ் ஓடவில்லை. துப்பாக்கிச் சூடு என்றார்கள். எங்கிருந்தோ ஒரு பழைய பேப்பர் வந்தது. வெங்கடேசன் அதைப் படித்துவிட்டு இவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"கள்ளக்குறிச்சி பக்கம் காலனி குடிசைங்கள கொளுத்திட்டாங்களாம்ணே."

"எந்த ஊரு சார்?"

"ஊரு பேரு போடல."

தியாகதுருகத்துக்கு வெளியே, காலனியில், கரும்புச் சோகை வேய்ந்த கூரைக்குக் கீழே தெரசா தனியாக இருந்தாள். விசாரிக்க ஒரு போன் கிடையாது. போகிற வழியும் அடைத்துக் கிடந்தது.

அதற்குப் பிறகு பரணில் உட்காருவதே தண்டனையாகிவிட்டது. தூரத்தில் வெள்ளையாக எழும்பும்போதெல்லாம் எழுந்து நின்றுவிடுவான். அது கலைகிறவரை மூச்சுவிட மாட்டான். ஒருநாள் தாயும் குட்டியுமாக வெகு பக்கத்தில் வந்தன. தாய் பெரிதாக மூச்சுவிட, பக்கத்திலேயே குட்டி சின்னதாக ஒன்று விட்டது. வெங்கடேசன் குதித்தான். சேவியர்ராஜ் தலையை மட்டும் ஆட்டினான். யாரிடம் சொல்வதற்காக அதைப் பார்த்தானோ அவள் இருக்கிறாளா என்றே தெரியவில்லை. இத்தனை பெரிய கடலுக்கு எதிரில் அவன் ஒண்டியாக உட்கார்ந்திருந்தான்.

மறியல் முடிந்து ஓடிய முதல் பஸ்ஸில் ஏறினான். எலவனாசூரோடு இறக்கிவிட்டார்கள். அதற்கு மேல் இன்னும் மரங்களை அகற்றவில்லை. விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தான். எதிரில் வருகிறவர்கள் யாரும் யாரோடும் பேசவில்லை. காலனியைப் பற்றிக் கேட்கலாம் என்று வாயெடுத்து, கேட்கப் பயந்து, நடந்துகொண்டே இருந்தான். தெரசாவிடம் முதலில் குட்டியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

பொழுது சாய்கிற நேரத்தில் தியாகதுருகத்து மலைக்கோட்டை தெரிந்தது. மலைக்கு இந்தப் பக்கம், பனைமரங்களுக்குப் பின்னால், அவனுடைய காலனி இருக்கிற இடத்தில், புகை.

கத்த வேண்டும் என்று வாய்வரை வந்தது. ஓட வேண்டும், ஓடவில்லை. தெரசா உலை வைக்கிற நேரம்தான் இது. மூன்று மலைக்கு அப்பாலிருந்தே சொல்லிவிடுகிறவனுக்கு, சொந்த வீட்டின் மேல் நிற்பது இன்ன புகை என்று தெரியவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, கலைந்துவிடாதா என்று பார்த்துக்கொண்டே நின்றான்.

காற்றே இல்லை. புகை நேராக எழுந்து அப்படியே நின்றது.