சனிக்கிழமை ஓடும் கம்ப்ரசர்

ஆளே இல்லாத சனிக்கிழமையில் கம்ப்ரசர் ஓடுகிறது என்றால், ஓட்டுகிறவன் ஐமோதான். தைமிக்கு அதில் சந்தேகமே இல்லை. லாரிகளுக்கு இரும்புச் சட்டம் செய்யும் அந்தப் பின்லாந்துத் தொழிற்சாலையில் கரியமில வாயுவைக் குறைப்பது அவள் பொறுப்பு. இயந்திரங்களைப் பராமரிப்பது ஐமோ. அவள் விளக்குகளை மாற்றியபோதும் சிரித்தான், காற்றுக் குழாய் ஓட்டைகளை அடைத்தபோதும் சிரித்தான். அப்படிப்பட்டவன் இதையும் செய்வான்.

சட்டங்களை வாங்கும் சுவீடன் கம்பெனி, புகைக் கணக்கு இறங்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டது. எல்லாம் இறங்கியது, சனிக்கிழமை மின்சாரம் மட்டும் கல்லுளிமங்கன் மாதிரி அசையவில்லை. ஆர்டர் போனால் முதலில் போவது தன் வேலைதான் என்று தைமிக்குத் தெரியும்.

ஐமோவிடம் கேட்டுப் பார்த்தாள்.

"கம்ப்ரசர் ரூம் சாவி உங்கிட்டயும்தான் இருக்கு. என்னைய எதுக்குக் கேக்குற?" என்றான். எவ்வளவு வாய் பார், என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை, மதியமே இருட்டிவிட்ட பனியில், அவனைக் கையும் களவுமாகப் பிடிக்கக் கிளம்பினாள். கம்ப்ரசர் அறைக் கதவைத் திறந்தால் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஒரு கம்பளிக் குல்லாய் தெரிந்தது.

"மாட்டினியா!"

"நீதான் மாட்டின!" என்று ஐமோ எழுந்தான். "நீயே ஓட விட்டுட்டு, பழியத் தூக்கி என் தலையில போடுறியா? எம்பொண்டாட்டி அப்பவே சொன்னா."

"எனக்கென்ன பைத்தியமா?"

"நான் வந்தப்பவே ஓடிட்டுதான் இருந்துச்சு."

"இத நான் நம்பணும்?"

"நம்பாட்டி போ."

சுவருக்கு அப்பால் யாரோ சிரித்தார்கள். அந்தப் பக்கம் நீராவிக் குளியல் அறையான சவுனாவும், அதை ஒட்டி வெந்நீர்த் தொட்டியும் இருந்தன. பின்லாந்து முதலாளிக்கு வியாபாரம் பேச அதை விட்டால் இடம் ஏது? கம்ப்ரசரில் வீணாகும் சூட்டைத் தொட்டிக்குக் கொண்டுபோனது தைமியின் யோசனை. போன வருடம் அதற்குக் கேக் வெட்டிக் கொண்டாடினார்கள்.

சவுனாப் பக்கத்துக் கதவு திறந்தது. இடுப்பில் துண்டோடு முதலாளி கௌகோ வந்தார். பின்னால், அதே கோலத்தில், கணக்கைச் சரிபார்க்க வந்திருந்த சுவீடன் கம்பெனி அதிகாரி ஸ்டெல்லன்.

"அட, ரெண்டு பேரும் இங்கதானா! ஸ்டெல்லன், நான் சொன்ன மெஷின் இதான். தொட்டிக்குன்னு ஒரு பொட்டுக் கரண்ட் கிடையாது. சனிக்கிழமையானா வர்ற விருந்தாளிய எல்லாம் அதுலதான் முக்கி எடுக்குறேன். ஐடியா இவளோடது!"

ஸ்டெல்லன் சன்னல் கண்ணாடி வழியே இருண்டு கிடந்த பட்டறையைப் பார்த்தார்.

"இன்னிக்கு லீவுதானே? அப்ப இது எதுக்கு ஓடுது?"

கௌகோ துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "தைமி சொல்லுவா" என்றார்.

தைமி ஐமோவைப் பார்த்தாள். ஐமோ மறந்து ஓட விட்டுவிட்டான் என்று சொன்னால் போதும். ஒரு நிமிடம் முன்புவரை அவளே நம்பியதுதான். ஐமோவும் அதைத்தான் எதிர்பார்த்து, பல்லைக் கடித்தபடி நின்றான்.

"தொட்டியச் சூடாக்கத்தான் ஓடுது" என்றாள். வெட்கத்தில் காது எரிந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். உறுமல் அடங்கியது.

ஸ்டெல்லன் அவளை உற்றுப் பார்த்தார். "இத நிறுத்துன கணக்கோட திங்கக்கெழம வா. ஆர்டரப் பத்தி அப்புறம் பேசலாம்." தண்ணீர் ஆறுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று திரும்பி நடந்தார். கௌகோ தலை குனிந்தபடி பின்னால் போனார்.

"இந்தப் பொத்தானுக்கு ஒரு பூட்டு போடணும்" என்றான் ஐமோ.

"சாவி யார்கிட்ட?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "உங்கிட்டயே இருக்கட்டும்."