ஒத்தைத் தட்டு

கிதார்காரன் தன் புதுப் பாட்டை வாசித்து முடித்தபோது, ஒத்திகை அறையில் டிரம்ஸ்காரர் கண் கலங்கி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். பாடகனுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. தான் எழுதிய எந்தப் பாட்டுக்கும் அந்த மனுஷன் கொட்டாவியைத் தவிர வேறெதையும் விட்டதில்லை.

இத்தனைக்கும் அந்த ராக் குழுவுக்கு 'விழுந்தாலும் எழுவோம்' வகைப் பாட்டுகளை எழுதிக் குவித்தவன் பாடகன்தான். புயல், சாம்பல், சிறகு, எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் எழுவதற்கு அவன் எங்கே விழுந்தான்? அப்பா கட்டிய வீடு, மாமனார் பிடித்துக் கொடுத்த வேலை, ஒரு சொத்தைப் பல்கூட இல்லாத வாய். கிதார்காரனோ மனைவியைப் பறிகொடுத்து, ஒரு வருஷம் கிதாரைத் தொடாமல் கிடந்து திரும்பி வந்தவன். வந்தவன் சும்மா வந்தானா? சாப்பிட்ட ஒத்தைத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கப் பழகியதைப் பற்றி ஒரு பாட்டோடு வந்தான். அடப்பாவி, தட்டு! நமக்குத் தோன்றாமல் போச்சே என்று பாடகன் மறுகினான். 'கொடுத்துவைத்தவன்' என்றுகூட நினைத்துவிட்டான். நினைத்ததும் உடம்பு கூசியது. எரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

"நீயே பாடுடா. பாதியில எனக்குத் தொண்டை அடைச்சிடுது" என்றான் கிதார்காரன்.

"என் குரலுக்குச் சரியா வருமா, தெரியல" என்று பிகு பண்ணிக்கொண்டான் பாடகன். அன்றைக்கே வீட்டில் மனப்பாடம் ஆகிவிட்டது.

"தட்டைப் பத்திப் பாடினது போதும், ஒரு தட்டையாவது கழுவிக் குடுங்க" என்றாள் அவன் மனைவி.

கச்சேரியில் கடைசியாக அதைப் பாடினான். நன்றாகவே பாடினான், இல்லையென்று சொன்னால் பொய். கிதார்காரன் தலை நிமிராமல் வாசித்தான். பாட்டு முடிந்ததும் எழுந்த கைதட்டல் நிற்கவேயில்லை.

கூட்டம் கலைகையில் ஓர் அம்மாள் மேடையோரம் வந்து, அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண் சிவந்திருந்தது.

"என் வீட்டுக்காரர் போய் நாலு மாசம் ஆச்சு தம்பி. நீங்க எப்படித் தாங்கினீங்க?"

என் பாட்டு இல்லம்மா, அவனோடது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவனை யாரும் இதுவரை இப்படிப் பார்த்ததில்லை.

"எப்படியோ தாங்கிட்டேம்மா" என்றான்.

பின்னால் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த கிதார்காரனின் கை நின்றது.

"உங்க சம்சாரம் பேரு என்ன தம்பி? நானும் நினைச்சுக்கறேன்."

பாடகன் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாள் கையை விடாமல் காத்திருந்தாள். அரங்கத்தின் வாசலில் அவன் மனைவி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் வா என்று அவனைப் பார்த்துக் கையசைத்தாள்.