மூடியின் மேல் நெருப்பு

"டச்சு அவன்ல கோழி வெச்சோம்பா" என்று லோஷினி சொன்னபோது கோகிலன் ரொட்டி சானாயைப் பிய்த்துப் பருப்புக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தான்.

"எவன்?" என்றான்.

லோஷினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கோப்பையிலிருந்த மைலோ மேசையில் சிந்தியது. "அந்த அவன் இல்லப்பா. கேக் சுடுவாங்கல்ல, அந்த அவன்! பெரிய இரும்புச் சட்டி. காட்டுல நெருப்பு போட்டு அதுல சமைக்கலாம். மூடி மேலயும் கரி அடுக்குவாங்க. அப்பதான் மேலயும் வேகும், கீழயும் வேகும். ரொட்டிகூட சுட்டோம்."

"யாரு அடுக்குனா?"

"நாதன் அங்கிள்தான்."

கோகிலனும் சுபாஷினியும் பிரிந்து மூன்று வருடமாகிறது. போன வருடம் சுபாஷினி நாதனைக் கட்டிக்கொண்டு கடலோரத் தஞ்சோங் பூங்கா பகுதிக்குக் குடிபோனாள். ஒன்பது வயது லோஷினி அவர்களோடுதான் இருக்கிறாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை காலையில் ஜெலுத்தோங்குக்கு, கோகிலனின் அடுக்குமாடி வீட்டுக்கு வருவாள்; ஞாயிறு மாலை போய்விடுவாள். கடல் தெரியும் நாதனின் வீட்டையும், அங்கே வாங்கிப் போட்டிருந்த பியானோவையும் கோகிலன் எப்படியோ விழுங்கிக்கொண்டான். சமையலை விழுங்க முடியவில்லை. சுபாஷினி மருத்துவமனையில் தாதி; பகலென்றும் இரவென்றும் வேலை மாறி மாறி வரும். அதனால் சேர்ந்து வாழ்ந்த நாளில் கரண்டி கோகிலன் கையில்தான் இருந்தது. மிளகைத் தட்டிப் போட்டு, கிச்சாப் என்கிற கறுப்புச் சோயாச் சாற்றை ஊற்றி, கறித்தூள் தூவி அவன் பிரட்டும் கோழியைத்தான் லோஷினி பல் முளைத்த நாளிலிருந்து தின்று வளர்ந்தாள். அவளிடம் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான். அதையும் ஒருவன் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போய், நெருப்பு வைத்து, வேடிக்கையாக்கிக் காட்டிவிட்டான்.

லோஷினி தன் கைப்பேசியில் படங்களைக் காட்டினாள். ஆற்றங்கரை, கூடாரம், கரிய சட்டி. ஒரு படத்தில் சுபாஷினி நெருப்பின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கரி. வாயெல்லாம் சிரிப்பு. கோகிலன் அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். கல்யாணமான புதிதில் தெலுக் பஹாங் கடற்கரைக்குப் போய் மீன் சுட்டுச் சாப்பிடலாம் என்று இவளை எத்தனை முறை கூப்பிட்டிருப்பான்! மணல் ஒட்டும், கொசு கடிக்கும், தலைமுடியெல்லாம் புகை நாறும் என்பாள். இப்போது அதே முடியை அள்ளி முடிந்துகொண்டு கரியை ஊதிக்கொண்டிருக்கிறாள்.

"அப்பா, ரொட்டி ஆறுதுலா" என்றாள் லோஷினி.

அந்த வாரமே, பத்து காவானில் இருந்த தொழிற்சாலையில் வேலை முடிந்ததும், தீவிலிருந்த வீட்டுக்குப் போகும் பாலத்தை நோக்கித் திரும்பாமல் நேராக ஜுருவுக்கு ஓட்டிப்போய், முகாம் சாமான் விற்கும் கடையில் அதே மாதிரிச் சட்டி ஒன்றை வாங்கினான். படத்தில் இருந்ததைவிடப் பெரியதாகக் கேட்டு வாங்கினான். சோப்புப் போட்டுக் கழுவக்கூடாது என்று கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தான். காலையில் சட்டிக்குள் செந்துரு படர்ந்திருந்தது. அதைச் சுரண்டி, எண்ணெய் தடவி, அடுப்பில் காயவைத்து, மறுபடியும் தடவினான். தொழிற்சாலை இடைவேளையில் கேண்டீனில் தனியாக உட்கார்ந்து, வெள்ளைக்காரர்கள் பனிக்காட்டில் மாட்டிறைச்சி வேகவைக்கும் காணொளிகளைப் பார்த்தான். ஆனால் ஒருமுறைகூட ஒத்திகை பார்க்கவில்லை. முதல் நெருப்பை லோஷினி பார்க்க வேண்டும் என்று நினைத்தான்.

அடுத்த முறை அவள் வந்தபோது தெலுக் பஹாங்குக்கே கூட்டிப்போனான். சவுக்கு மரங்களுக்குக் கீழே கல் அடுக்கி, கரியைப் பற்றவைத்து, முதல்நாளே மசாலாவில் ஊறவைத்த முழுக்கோழியைச் சட்டிக்குள் இறக்கினான். சுற்றி உருளைக்கிழங்கு, வெங்காயம். மூடியைப் போட்டு அதன்மேல் கரியை அள்ளி அள்ளி வைத்தான். கடலிலிருந்து காற்று ஒரே பக்கமாக அடித்தது. மூடிமேல் இருந்த கரி தகதகவென்று சிவந்தது.

"மேல ரொம்ப இருக்குப்பா" என்றாள் லோஷினி. "காத்து அடிச்சா கொறைக்கணும். நாதன் அங்கிள் கொக்கி மாதிரி ஒண்ணு வெச்சிருப்பாங்க, அதுலதான் மூடிய தூக்கணும். இல்லன்னா சாம்பல் உள்ள—"

"அங்கிள் சொன்னத அங்கிள் வீட்டோட வெச்சுக்க. இங்க அப்பாதான் சமைக்கிறேன்."

சொன்ன வேகம் அவனுக்கே திக்கென்றது. லோஷினி எழுந்து போய், சற்றுத் தள்ளி மணலில் ஒரு குச்சியால் வட்டம் போட ஆரம்பித்தாள். அவளைக் கூப்பிட்டு ஏதாவது சொல்லலாம். என்ன சொல்வது? கோழி நன்றாக வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. கரிந்த வாடை வர ஆரம்பித்திருந்தது. துண்டை நாலாக மடித்துப் பிடித்து மூடியைத் தூக்கினான். சூடு துண்டைத் தாண்டிக் கையில் ஏறியது. மூடி சரிந்து மறுபடியும் சட்டிமேல் விழுந்தது. அதன் ஓரத்திலிருந்த கரித்துண்டுகள் வழுக்கி, செருப்புப் போட்ட அவன் வலது காலில் கொட்டின.

அவன் போட்ட சத்தத்தில் லோஷினி ஓடிவந்தாள். தண்ணீர் போத்தலைத் திறந்து அவன் காலில் முழுதும் ஊற்றினாள். பிறகு பைக்குள் கைவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். அம்மாவைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தான்.

"டேடி! டேடி, சீக்கிரம் வாங்க. அப்பா கால் சுட்டுப்போச்சு. தெலுக் பஹாங் பீச்சுல இருக்கோம். அழல... அப்பா அழல. ஆனா தோல் வெள்ளையா ஆகிருச்சு டேடி."

கோகிலன் மணலில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். டேடி, அப்பா. இரண்டு சொற்களும் ஒன்றையொன்று இடிக்காமல் அதனதன் இடத்தில் இருந்தன. இன்று திடீரென்று வந்த சொல் இல்லை அது. நன்றாகப் பழகிய வாய்.

லோஷினி கைப்பேசியை வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "அங்கிள் வராங்களாம்" என்றாள் மெதுவாக.

அந்தத் திருத்தத்தைத்தான் அவனால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. எவ்வளவு காலமாக இந்தக் குழந்தை தஞ்சோங் பூங்காவிலிருந்து ஜெலுத்தோங்குக்கு வரும் வழியிலேயே, அவனுக்காக ஒரு சொல்லை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்!

நாதனும் சுபாஷினியும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். சுபாஷினி மணலில் முட்டிபோட்டு உட்கார்ந்து அவன் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தக் கை. ஆனால் அவள் கண் காலைவிட்டு நகரவில்லை. எந்த நோயாளியின் காலாக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பாள். நாதன் அந்தப் பக்கமே திரும்பாமல் நெருப்பின் அருகே போய் நின்றுகொண்டான். ஒல்லியான ஆள், கண்ணாடி, கழுத்தில் சின்னச் சிலுவை. அவன் நாகரிகமாக ஒதுங்கி நின்றதும் கோகிலனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கொப்புளம் வந்துருக்கு. கிளினிக் போகணும், எந்திரிங்க" என்றாள் சுபாஷினி.

"சமையல் முடியட்டும். கோழி வெந்திருக்கும், எல்லாரும் சாப்புட்டுப் போலாம்."

"கோகி, வெளையாடாதீங்க."

பழைய பெயர் அவள் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது. கரியைக் கிளறிக்கொண்டிருந்த நாதனின் கை ஒரு கணம் நின்று, பிறகு நகர்ந்ததைக் கோகிலன் பார்த்தான். காலில் எரிச்சல் குறைந்த மாதிரி இருந்தது.

"முடியட்டும் சுபா" என்றான் இன்னும் சத்தமாக.

நாதன் ஒரு சவுக்குக் கிளையை மூடியின் பிடிக்குள் நுழைத்து, ஒரு துளி சாம்பல் உள்ளே விழாமல் தூக்கினான். கோழியின் மேல்தோல் கரிக்கட்டையாக இருந்தது. கத்தியால் தொடையைக் கீறினான். உள்ளே ரத்தம்.

"காத்துதாண்ணே" என்றான். "இந்தப் பக்கம் காத்து ரொம்ப மோசம். மொத தடவ நான் வெச்சப்ப கோழியே தெரியல, எலும்பும் கரியும்தான்."

சிரித்திருந்தாலாவது கோகிலன் அவனை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பான். நாதன் ஐஸ் பெட்டியை இழுத்துக் காற்றுக்குக் குறுக்கே வைத்தான். மூடிமேல் இருந்த கரியில் பாதியைக் கீழே தள்ளினான். அவன் கை நீட்டுவதற்கு முன்பே லோஷினி இடுக்கியைக் கொடுத்தாள். வாங்குவதற்கு முன்பே அடுத்த கரியைக் காட்டினாள். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பலமுறை சேர்ந்து செய்தவர்களுக்குத்தான் அந்த மௌனம் வரும். கோகிலன் காலை நீட்டியபடி, விருந்துக்கு வந்தவன்போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுபடியும் வேகவிட்டு இறக்கி, கருகிய தோலை உரித்துப்போட்டுவிட்டுச் சாப்பிட்டார்கள். உள்ளே கோழி பஞ்சாக வெந்திருந்தது. மசாலா எலும்புவரை இறங்கியிருந்தது. கோகிலன் தன் தட்டைத் தொடாமல் நாதன் மெல்லுவதையே கவனித்தான். நாதன் மெதுவாக மென்றான். இன்னொரு துண்டு எடுத்தான். அதையும் மெதுவாக மென்றான். நல்லாயிருக்கிறது என்று அவன் சொல்லவேயில்லை.

வலது கால் என்பதால் கோகிலனால் வண்டி ஓட்ட முடியவில்லை. லோஷினியை ஏற்றிக்கொண்டு சுபாஷினி கிளினிக்கை நோக்கி முன்னால் போக, கோகிலனின் காரை நாதன் ஓட்டினான். கோகிலன் தன் சொந்தக் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தான். நாதன் இருக்கையை முன்னுக்கு இழுத்துக்கொண்டதும், கண்ணாடியைத் திருப்பிக்கொண்டதும்கூட உறுத்தியது. பத்து ஃபெரிங்கியை நோக்கி மலையோரமாகப் பாதை வளைந்து வளைந்து போயிற்று. வெயில் சாய்ந்திருந்தது.

"அண்ணே, அந்த மசாலா..." என்று நாதன் ஆரம்பித்தான். ஒரு வளைவைக் கடந்தபின் தொடர்ந்தான். "கட்டிக்கிட்ட புதுசுல நான் என்ன வெச்சாலும் லோஷினி தட்டத் தள்ளி வெச்சிருவா. அப்பா வெக்கிற கிச்சாப் கோழி மாதிரி இல்லம்பா. நானும் என்னென்னமோ பாத்தேன். சுபாகிட்ட கேட்டு அதே மாதிரி வெச்சும் பாத்தேன். மோந்து பாத்துட்டே வேணான்னுட்டா. வீட்டுக்குள்ள உங்கள ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சுதாண்ணே அந்தச் சட்டிய வாங்குனேன். காட்டுக்குப் போனா நீங்க இருக்க மாட்டீங்கல்ல."

கோகிலனுக்கு நெஞ்சுக்குள் குபுக்கென்று ஒரு சந்தோஷம் பொங்கியது. அல்பச் சந்தோஷம்தான். மூடி மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கீழே பாறைகளில் அலை உடைந்தது. தட்டைத் தள்ளி வைத்த லோஷினியைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தான். அடுத்த வளைவு வருவதற்குள் அது வற்றிப்போயிற்று. புதுசில் என்றுதானே சொன்னான். இப்போது தள்ளி வைப்பதில்லை. இப்போது டேடி.

"கூப்புடுறாளா அப்படி, ரொம்ப நாளா?" என்று கேட்டான்.

எதைக் கேட்கிறான் என்று நாதன் கேட்கவில்லை. "நான் கூப்புடச் சொல்லலண்ணே" என்றான்.

பத்து ஃபெரிங்கியில் ஹோட்டல்களுக்கு எதிரே வண்டிகள் தேங்கி நின்றன. சுபாஷினியின் காருக்குப் பின்னாலேயே நாதன் நிறுத்தினான். முன்காரின் பின்கண்ணாடியில் ஒரு தலை எழும்பியது. லோஷினி இருக்கையில் முட்டிபோட்டுத் திரும்பி, கண்ணாடியில் மூக்கை அழுத்தி, இந்தக் காரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு கையை அசைத்தாள்.

இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள்.