இரண்டாவது பிரேக்

தெர்மாமீட்டர் நூற்றொன்று புள்ளி இரண்டு காட்டியது. பல்லுக்காரர் அதைத் துடைத்துவிட்டு மறுபடியும் மனைவியின் அக்குளில் வைத்தார். நூற்றொன்று புள்ளி ஐந்து.

"எத்தன தடவ வெச்சாலும் அது எனக்கு சலுகை காட்டாது, விடுங்க," என்றாள் அவள். போர்வைக்குள் உடம்பு தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது.

கீமோ ஏற்றி ஒன்பது நாள். இரண்டு வருடத்துக்கு முன் சினைப்பையில் வந்த புற்றுநோயை அறுத்து எடுத்து, முடி கொட்டி, மறுபடி முளைத்து, அப்பாடா என்று மூச்சுவிட்ட நேரத்தில் அது கல்லீரலில் தலைகாட்டியது. மூன்று இடத்தில். "முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன். கட்டுக்குள்ள வெக்கப் பாப்போம்," என்றார் டாக்டர். அன்று வீட்டுக்குக் காரை ஓட்டி வந்தது அவள்தான். டிரைவிங் ஸ்கூலில் பதினெட்டு வருடமாகச் சொல்லிக்கொடுப்பவள்; தெருவில் பாதிப் பேருக்கு அவள் 'மாஸ்டர்'. ஒரு சிக்னலில் நின்றபோது, "நாளையிலேருந்து நீங்க வண்டி கத்துக்கறீங்க," என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.

பல் செட் செய்யும் கூடத்தில், மெழுகில் ஒரு கடைவாய்ப்பல்லின் மேடுபள்ளத்தை மயிரிழை பிசகாமல் செதுக்குகிற கை பல்லுக்காரருடையது. ஸ்டியரிங்கைத் தொட்டால் அதே கை மரத்துப்போகும். "ஊருக்கெல்லாம் பல்லு கட்டறவரு, கிளட்ச்ச மிதிச்சா உங்க பல்லுல்ல ஆடுது!" என்று சிரிப்பாள். இரண்டு மாதத்தில் காலி மைதானத்தையும் நான்கு சந்துகளையும் தாண்டி அவர் போனதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். நர்ஸின் குரலில் அவசரம் தெரிந்தது. "மாத்திரை எதுவும் குடுக்காதீங்க. ரத்தத்துல வெள்ளை அணு குறையற நேரம் இது, காய்ச்சல விட்டா ஆபத்து. ஒரு மணி நேரத்துக்குள்ள கூட்டிட்டு வந்துடுங்க." ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடம் என்றார்கள். வெளியே கொட்டிக்கொண்டிருந்த மழையில் ஒரு டாக்சியும் வரச் சம்மதிக்கவில்லை.

"சாவிய எடுங்க," என்றாள்.

"என்னால முடியாதுடி."

"பயிற்சி வண்டிதானே. என் பக்கமும் பிரேக் இருக்கு. உங்க கால் தப்பினா என் கால் இருக்கு."

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவர் பெரிய ரோட்டில் ஏறினார். வைப்பர் அடிக்க அடிக்க முன்னால் சிவப்பு விளக்குகள் கரைந்து கரைந்து சேர்ந்தன. அவள் வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு, கண்ணை மூடியபடியே சொல்லிக்கொண்டு வந்தாள். "மூணாவது போடுங்க. சத்தத்த வெச்சே தெரியலயா, வண்டி திணறுது. அந்த லாரிக்குப் பின்னாடியே போங்க. ஒட்டாதீங்க." பாலத்தில் ஏறும்போது ஒரு பஸ் உரசுகிற மாதிரி தாண்டிப் போனது.

"பிரேக்ல கால் இருக்கில்ல?"

"இருக்கு. போங்க."

பாலம் இறங்கியதும் அவள் பேச்சு நின்றுவிட்டது. "மாஸ்டர்?" என்று கூப்பிட்டார். திரும்பிப் பார்க்கவும் பயம், பார்க்காமலிருக்கவும் பயம். சிக்னலில் வண்டியை நிறுத்திய பிறகுதான் பார்த்தார். அவள் இரண்டு கால்களையும் சீட்டின்மேல் மடக்கி, முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு சுருண்டிருந்தாள். செருப்பு மட்டும் கீழே கிடந்தது.

"கால் இருக்குன்னு சொன்னியே!"

"கீழ தொங்கவிட்டா வலி உயிர் போகுது."

"எப்போலேருந்து இப்படி உக்காந்திருக்கே?"

"நம்ம தெருவத் தாண்டினதுலேருந்து."

"ரெண்டு பேரையும் கொன்னிருப்பேனேடி!"

"கொல்லலியே." கண்ணைத் திறக்காமல் உதட்டை நனைத்துக்கொண்டாள். "சொல்லியிருந்தா ஓரமா நிறுத்திட்டு அழுதிருப்பீங்க. பச்சை விழுந்திருக்கும், எடுங்க."

விழுந்துதான் இருந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. அவர் எடுத்தார்.

அவசரப் பிரிவின் வாசலில் அவளைத் ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார்கள். ஊசி போட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள். கண்ணாடி போட்ட இளம் டாக்டர் வெளியே வந்தார். "மருந்து ஆரம்பிச்சாச்சு. பிரஷர் கம்மியாத்தான் இருக்கு. நாளைக்குக் காலையிலதான் எதையும் சொல்ல முடியும். அடுத்த கீமோ எப்படியும் தள்ளிப்போகும்."

"தள்ளிப்போனா, லிவர்ல இருக்கறது?"

"முதல்ல இந்தக் காய்ச்சலத் தாண்டட்டும்," என்றார் டாக்டர், அவர் முகத்தைப் பார்க்காமல்.

அதற்குள் காவலாளி நனைந்த தொப்பியோடு ஓடி வந்தார். "அந்தப் பயிற்சி வண்டி யாரோடது? வழிய அடச்சிட்டு நிக்குது. ஆம்புலன்ஸ் வருது சார், பின்னால எடுங்க!"

பின்னால் எடுக்க அவருக்குத் தெரியாது. அதை அடுத்த வாரம் சொல்லித்தருவதாகச் சொல்லியிருந்தாள். காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். கியரைத் துழாவிப் போட்டார். பின்கண்ணாடியைப் பார்க்க உடம்பைத் திருப்பி, பக்கத்துச் சீட்டின் முதுகில் கையை ஊன்றினார். துணி அவள் வியர்வையில் ஊறி, இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுக்கவில்லை. மழைக்குள்ளிருந்து சைரன் நெருங்கி வந்தது. அவர் கிளட்ச்சை மெல்ல மெல்ல விட்டார். வண்டி ஒருமுறை குலுங்கி, வாசல் சரிவில் பின்னோக்கி நகரத் தொடங்கியது.