வாசலில் கட்டிய காப்பு

போகியன்று சுகந்தி, ஏற்காட்டில் புதிதாகக் குடிவந்த வாடகை வீட்டை ஒற்றையாளாகக் கழுவித் துடைத்தாள். பூட்டிக் கிடந்த பின்னறை மட்டும்தான் பாக்கி. சாவி கேட்டால் வீட்டுக்காரர் நாளை, நாளை என்றே இழுத்தடித்தார்.

“அது கெடந்துட்டுப் போவுது” என்று அலுத்துக்கொண்டு, கெட்டது எதுவும் வாசல் தாண்டாதிருக்க, வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்து நிலையில் காப்புக் கட்டினாள். கோலமும் போட்டாள். பனிமூட்டம் இறங்கியது. சீரியல் லைட் எரிந்ததும் வீடு கல்யாண வீடு போல் ஜொலித்தது.

அப்போது பின்னறைக் கதவை யாரோ உள்ளிருந்து தட்டினார்கள்.

“ஏனுங்க,” என்றது ஒரு பெண்குரல், மிகவும் பணிவாக. “நீங்க வந்துட்டீங்கன்னு நான் கெளம்பத்தானுங்க இருந்தேன். அதுக்குள்ள வாசல்ல காப்புக் கட்டிப்போட்டீங்களே! இனி நானும் இந்த ஊட்லயே இருந்துக்க வேண்டியதுதானுங்களா?”